சாக்கில் கட்டுவதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள்: வன்னி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்று, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு ஆகிய பிரதேச சபைகளின் நூலகர்களுக்கும், ஊர் வாசிகசாலைகளைத் தினமும் திறந்து பூட்டுகிற சனசமூக நிலைய நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் விசுவமடுவில் ஒரு சிறிய போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சை விண்ணப்பம் என்று நாள் முழுக்க மற்றவர்களின் கடதாசிகளைப் பிரதி எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் என்னுடைய கடதாசிகள் இருக்கின்றன. பழைய வீடியோ கேம் சஞ்சிகைகள், கொம்பியூட்டர் சஞ்சிகைகள், அவற்றோடு வந்த சீடிகள். இன்றைய கணக்குக்கு 340 இதழ்கள். இந்த மடல் அவற்றைப் பற்றியது.

வருட இறுதிக் கணக்கெடுப்பு வரப்போகிறது. பாவனைக்கு உதவாதவை என்று ஒரு பட்டியல் எழுதுவீர்கள். மட்டை கழன்ற கதைப்புத்தகம், பழைய பாடத்திட்டத்துப் பயிற்சி நூல், கால் உடைந்த கதிரை எல்லாம் அதற்குள் போகும். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய புத்தகப் பெட்டியின் அடியில் கிடந்த கேம் சஞ்சிகைகளும் அதற்குள்தான் போகின்றன. அவற்றை அந்தப் பட்டியலில் எழுதாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கடந்த வருடம் ஒரு நூலகத்தில் அப்படி நடந்தது. எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை. நான் சென்று விசாரித்தபோது அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “தம்பி, அது பிள்ளையள் விளையாடுற சாமான். வாசிக்கிறதுக்கு அதில ஒண்டுமில்லை. சாக்கில கட்டிக் குடுத்திட்டம்.” பழைய இரும்பும் பேப்பரும் எடுக்கிற ஐயாவின் வளவுக்கு மறுநாள் காலை ஓடினேன். ஒரு சாக்கு ஏற்கெனவே லொறியில் போய்விட்டது. மற்றச் சாக்கில், பழைய வினாத்தாள்களுக்கு நடுவில், 9 இதழ்கள் கிடைத்தன. கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தேன். போன சாக்கில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. அந்த நூலகத்தின் பதிவேட்டில் கூட அவை ‘பல்வேறு ஆங்கிலச் சஞ்சிகைகள், 1 பெட்டி’ என்றுதான் இருந்தன.

“வாசிக்கிறதுக்கு அதில ஒண்டுமில்லை” என்ற அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு என் கதையில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தபோது எனக்கு வயது 14. அதற்கு முந்திய காலம் உங்களில் பலருக்குத் தெரியும். பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். வீடியோ கேம் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். அடுத்த வருடம் ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து மாமா குடும்பம் வந்தது. மாமாவின் மகன், எனக்கு மச்சான் முறை, என்னைவிட ஒரு வயது இளையவன். பிளேனில் வாசிக்கவென்று இரண்டு கேம் சஞ்சிகைகள் கொண்டு வந்திருந்தான். எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் முதல் நாள் முழுக்க அவன் முகம் வாடிப்போய் இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் அவனே என்னைக் கூப்பிட்டு, பூவரச மர நிழலில் பாயைப் போட்டு, பக்கம் பக்கமாகக் காட்டத் தொடங்கினான். அவனுக்குத் தமிழ் பாதி, எனக்கு ஆங்கிலம் கால்வாசி. போகும்போது இரண்டையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

அந்த இரண்டு இதழ்களையும் நான் லிப்கோ அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதினேன். ‘ஆர்மர்’ என்றால் கவசம். ‘சீஜ்’ என்றால் முற்றுகை. ‘ஹெல்த்’ என்ற சொல்லுக்குச் ‘சுகாதாரம்’ என்று எழுதினேன், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தின் பெயர் அது. சில வாரம் கழித்து, அந்தச் சொல் எண்ணோடு சேர்ந்து கூடுவதையும் குறைவதையும் பார்த்துவிட்டு, அதை வெட்டிப் பக்கத்தில் ‘உயிர்’ என்று எழுதினேன். அகராதியில் இல்லாத ஓர் அர்த்தத்தை நானாகக் கண்டுபிடித்த முதல் நாள் அதுதான். இன்றைக்கும் அந்தப் பின்னேரத்தின் வெயில் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு அந்த இதழ்கள் ஊர் சுற்றின. ஆறு வீட்டுப் பெடியன்கள் வாங்கிப் போய் வாசித்தார்கள். வாங்கிய ஒவ்வொருவரும் பின்னட்டையில் பெயரையும் திகதியையும் எழுத வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஓர் இதழின் நடுப்பக்கத்தில் ஒரு கோட்டையின் முழு வரைபடம் இருந்தது. எந்தக் கதவுக்கு எந்தத் திறப்பு, எந்தப் படிக்கட்டுக்குக் கீழே பொறி என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். அதை நாங்கள் வீட்டு முற்றத்தில் தடியால் கீறி, ஒருவன் காவலாளி, ஒருவன் வீரன் என்று நின்று நடந்து விளையாடினோம். 2004 இல் கிளிநொச்சி நகரத்தில் ஜெனரேற்றர் போட்டு நடத்திய ஒரு கொம்பியூட்டர் நிலையத்தில் காசு கொடுத்து அரை மணித்தியாலம் அதே கேமை விளையாடக் கிடைத்தது. மவுசைப் பிடிக்கத் தெரியவில்லை. ஆனால் கோட்டைக்குள்ளே எனக்கு வழி தெரிந்திருந்தது.

இதைச் சும்மா பழைய ஞாபகமாகச் சொல்லவில்லை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பிள்ளைகள் முதலில் கேமை விளையாடினார்கள், அதைப் பற்றி மேலும் அறியச் சஞ்சிகை வாங்கினார்கள். எங்களுக்குச் சஞ்சிகைதான் முதலில் வந்தது. எங்களில் ஒரு கூட்டத்துக்குக் கொம்பியூட்டர் என்ற பொருள் கடதாசி வழியாகத்தான் அறிமுகமானது. ஆங்கிலமும் அப்படித்தான். வன்னிப் பிள்ளைகள் உலகத்தை எப்படி வாசித்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் எழுத வந்தால், இந்தச் சஞ்சிகைகள் இல்லாமல் அந்த அத்தியாயத்தை எழுத முடியாது.

கேம் சஞ்சிகை என்றால் வெறும் படமும் விளம்பரமும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் ‘கொம்பியூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ என்ற சஞ்சிகையின் முதல் இதழ் 1981 நவம்பரில் வந்தது. அந்தக் காலத்துச் சஞ்சிகைகளில் கேமைப் பற்றிய கட்டுரை மட்டுமல்ல, கேமே அச்சாகி வந்தது. ‘பேசிக்’ என்ற கணினி மொழியில் எழுதிய நிரலை வரி வரியாகப் பக்கங்களில் அச்சடித்திருப்பார்கள். வாசகர் அதை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கால்புள்ளி தவறினாலும் ஓடாது. சில நேரம் தவறு அச்சகத்திலேயே நடந்திருக்கும். அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போடுவார்கள். அந்த அடுத்த இதழ் தொலைந்தால் முந்திய இதழில் இருக்கிற கேமும் செத்துப்போகும். தொடர் முறியாமல் சேர்த்து வைக்க வேண்டும் என்று சேகரிப்பவர்கள் அடம்பிடிப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

1983 கலவரத்துக்குப் பிறகு லண்டன் போனவர்களின் பிள்ளைகள் வளர்ந்த காலமும் அந்தச் சஞ்சிகைகளின் காலமும் ஒன்று. 1984 இல் தொடங்கிய ‘கிராஷ்’, 1986 இல் தொடங்கிய ‘யுவர் சின்கிளேர்’, 1993 இல் வந்த ‘எட்ஜ்’, ‘பிசி கேமர்’ எல்லாம் அந்தப் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கீழே கிடந்தவை. இப்போது அவர்களுக்கு 45, 50 வயதாகிறது. பெற்றோர் காலமாகி வீடு விற்கும்போது பெட்டி கட்டுகிறார்கள். “ஊரில வாசிகசாலைக்குக் குடுங்கோ” என்று கப்பலில் அனுப்புகிறார்கள். உங்கள் மேசைக்கு வந்து சேர்கிற பெட்டிகளின் அடியில் இவை ஏன் இருக்கின்றன என்பதற்கு விளக்கம் இதுதான்.

உலகத்தில் இதைப் பெரிய வேலையாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரைச் சேர்ந்த ‘வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்’ என்ற நிறுவனம் 2025 ஜனவரியில் தன் இணைய நூலகத்தைத் திறந்தது. 1,500 இற்கு மேற்பட்ட பழைய கேம் சஞ்சிகைகளை அங்கே சொல் சொல்லாகத் தேடி வாசிக்கலாம். அதே நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 இற்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைக்காதவை. கேமே கிடைக்காதபோது, அது எப்படி இருந்தது, யார் செய்தது, என்ன விலை, மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சியாக மிஞ்சுவது சஞ்சிகைதான். செய்வதாக அறிவித்துவிட்டுப் பிறகு கைவிட்ட கேம்களும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உருவத்தை ஏதோ ஓர் இதழில் அச்சான இரண்டு மூன்று படங்களில் மட்டும்தான் பார்க்கலாம்.

இதைக் கேட்டதும், “அப்ப எல்லாம் இணையத்தில இருக்குத்தானே, நாங்கள் ஏன் இறாக்கையில இடம் குடுக்கவேணும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் இரண்டு பதில் உண்டு.

இணையத்தில் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது. நின்டெண்டோ நிறுவனத்தின் சொந்தச் சஞ்சிகையான ‘நின்டெண்டோ பவர்’ 1988 முதல் 2012 வரை வந்தது. அதன் பழைய இதழ்களை ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ தளத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள். 2016 இல் நிறுவனம் கேட்டுக்கொண்டதால் அவை எடுக்கப்பட்டன. ‘கேம் இன்போர்மர்’ 33 வருடம் வந்த சஞ்சிகை. 2024 ஓகஸ்டில் அதை மூடியபோது அதன் இணையத்தளத்தையும் ஒரே நாளில் இறக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் அந்தச் சஞ்சிகை மீண்டு வந்தது நல்ல விசயம். ஆனால் இடைப்பட்ட அந்த மாதங்களில் பழையதைத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தவர்கள் அச்சுப் பிரதியை வீட்டில் வைத்திருந்தவர்களும், தளத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தவர்களும்தான்.

மற்றப் பதில்தான் எனக்கு முக்கியம். ஓக்லண்டில் இருக்கிற பிரதியும் உங்கள் நூலகத்தில் இருக்கிற பிரதியும் ஒன்றல்ல. அங்கே இருப்பது சுத்தமான பிரதி. இங்கே இருப்பதில் எங்கள் கை பட்டிருக்கிறது. அந்தச் சாக்கிலிருந்து எடுத்த 9 இதழ்களில் ஒன்றை இப்போது மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 47ஆம் பக்கம். ஒரு விமானம் ஓட்டும் கேமைப் பற்றிய விமர்சனம். ஓரத்தில் நீலப் பேனையில் மிகச் சிறிய எழுத்தில் யாரோ தமிழ் எழுதியிருக்கிறார்கள். ‘ரன்வே’ என்ற சொல்லுக்கு மேலே ‘ஓடுபாதை’. ‘ஓல்ட்டிட்யூட்’ என்ற சொல்லுக்கு முதலில் ‘நீளம்’, பிறகு அதை வெட்டி ‘உயரம்’. கீழே தவணைப் பரீட்சையின் நேரசூசி, கணிதம் வியாழக்கிழமை. பக்கத்தின் மேல் மூலையில் ‘2005.03.12’. எழுதியவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. நான் ‘சுகாதாரம்’ என்று எழுதி வெட்டியதைப் போல, இந்தப் பிள்ளையும் ‘நீளம்’ என்று எழுதி வெட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அது கிலோ 40 ரூபாய்க்குப் போகப் பார்த்தது.

தமிழில் வந்தவற்றைப் பற்றியும் யோசியுங்கள். சென்னையிலிருந்து வந்த ‘தமிழ் கம்ப்யூட்டர்’ போன்ற சஞ்சிகைகள் வவுனியா வழியாக இங்கே வந்து சேர்ந்தன. கொழும்பிலிருந்து வந்த கணினிச் சஞ்சிகைகளிலும், பத்திரிகைகளின் வாரமலர்களில் வந்த கணினிப் பக்கங்களிலும் கேம்களுக்கு ஒரு மூலை இருந்தது. ‘இந்த விசையை அழுத்தினால் உயிர் குறையாது’ என்று தமிழில் எழுதிய குறிப்புகளை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இவற்றை அமெரிக்காவில் யாரும் தேடப் போவதில்லை. அவர்களுக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. எங்களுடைய ‘நூலகம்’ என்ற மின்னூலகம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கி வருகிறது, அந்த வேலைக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் இதழ் யாரிடமாவது கையில் இருந்தால்தான் அவர்களாலும் எடுக்க முடியும். சாக்கில் போனதை அவர்களும் எங்கே தேடுவது?

ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சஞ்சிகைகளில் பாதிக்குமேல் அட்டையில் துவக்கு இருக்கிறது. என் அம்மா இன்றைக்கும் அந்த அறையைக் கூட்டப் போனால், சிப்பாய் படம் போட்ட அட்டையை ஒரு சொல்லும் சொல்லாமல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கூட்டுவார். நான் அதைத் திருப்பி வைப்பதில்லை. செல்லடிக்குள் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வந்து போகிற ஒரு வாசிகசாலையில் இந்த அட்டைகளைக் கண்ணுக்கு நேரே அடுக்கி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பெட்டிக்குள் வையுங்கள். உசாத்துணைப் பகுதியில், கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்பதாக வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் போரை நேரில் பார்த்த ஊர்ப் பிள்ளைகள் போரை விளையாட்டாகக் காட்டுகிற இந்தப் பக்கங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் ஒரு கேள்விதான். அதற்கு விடை தேடப் போகிறவருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். என்னுடைய ஓர் இதழில், ஒரு துவக்குக் கேமின் முழுப்பக்க விளம்பரத்தை யாரோ வெள்ளைக் கடதாசி ஒட்டி முழுதாக மூடியிருக்கிறார்கள். அந்தக் கடதாசியை நான் உரித்துப் பார்க்கவில்லை. அதையும் அப்படியே ஸ்கான் எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, வைத்திருப்பது எப்படி என்று சொல்கிறேன். இதை நான் நல்ல பிரதிகளை அழித்துத்தான் கற்றேன்.

2009 ஜனவரியில் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது சாமான்களை றங்குப்பெட்டியில் போட்டு வளவில் தாட்டுவிட்டுப் போனோம். மச்சான் தந்த இரண்டு சஞ்சிகைகளும் அதற்குள். மீள்குடியேறி வந்து தோண்டியபோது பெட்டியின் அடி இத்துப்போயிருந்தது. சஞ்சிகை இரண்டும் ஒட்டி ஒரு செங்கல் போலக் கிடந்தன. கேம் சஞ்சிகைகளின் பளபளப்பான தாளில் களிமண் பூச்சு உண்டு. நனைந்தால் அது பசை மாதிரி ஆகும், அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துவிடும். அது எனக்கு அப்போது தெரியாது. அவசரப்பட்டுக் கத்தியை விட்டுப் பிரித்தேன். எழுத்து ஒரு பக்கத்திலிருந்து உரிந்து மற்றப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மிஞ்சியது ஓர் அட்டையும் 11 பக்கங்களும். கோட்டை வரைபடத்தில் கீழ்ப்பாதி இருக்கிறது. பின்னட்டையில் இருந்த ஆறு பெயர்களில் இரண்டை இப்போதும் வாசிக்கலாம். அந்த ஆறு பேரில் மூன்று பேர் இன்று இல்லை.

அதற்குப் பிறகுதான் சேர்க்கத் தொடங்கினேன். வவுனியா பழைய புத்தகக் கடைகள், கொழும்பு மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகள், பேப்பர்காரர்களின் சாக்குகள், விடுமுறைக்கு வருகிறவர்களின் பயணப்பைகள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் சேர்த்தவை இவை.

2018 டிசெம்பரில் வெள்ளம் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த ஏறக்குறைய 40 இதழ்கள் நனைந்தன. இந்தமுறை கத்தி எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பொலித்தீனில் சுற்றி, தெரிந்த ஒரு அண்ணையின் ஐஸ்கிறீம் கடையில் இருந்த டீப் பிறீசருக்குள் அடுக்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஐஸ்கிறீம் பெட்டியை ஒருபக்கம் தள்ளி இடம் தந்தார். உறைந்துவிட்டால் பக்கங்கள் ஒட்டாது, பூஞ்சணமும் பிடிக்காது. பிறகு நாளுக்கு ஒன்றாக வெளியே எடுத்து, இளகும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையில் வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். வெயிலில் வைக்கவே கூடாது, சுருண்டுவிடும். இரண்டு மாதம் எடுத்தது. நான்கைத் தவிர எல்லாம் தப்பின. உங்கள் கட்டடத்துக்குள் எப்போதாவது தண்ணீர் வந்தால், சஞ்சிகை மட்டுமல்ல, எந்தப் பளபளப்புத் தாள் புத்தகமாக இருந்தாலும் இதைச் செய்யலாம்.

மற்றது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நூலகம் நடத்துபவர்களுக்கு நான் பாடம் சொல்ல வரவில்லை. கறையான் ஏறாமல் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வைக்க வேண்டும். இராமபாணப் பூச்சிக்கு அடிக்கடி எடுத்துத் தட்டிப் பார்ப்பதை விடப் பெரிய மருந்து கிடையாது. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். நடுவில் உள்ள கம்பி துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் கட்டலாம். நூலகத்து முத்திரையை அட்டையின் நடுவில் குத்தாமல் உள்பக்க மூலையில் குத்துங்கள், இது என் தனிப்பட்ட கெஞ்சல். சீடிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சஞ்சிகையோடு வந்த சீடியில் அந்த மாதத்துச் சோதனைக் கேம்கள் இருக்கும், வேறெங்கும் கிடைக்காதவையும் இருக்கும். எங்கள் வெக்கையில் சீடியின் மேல்பூச்சு உரியத் தொடங்கினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதை முழுதாக ஒரே கோப்பாகப் பிரதி எடுக்கலாம். இதழையும் சீடியையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள், எந்த இதழோடு வந்தது என்று தெரியாத சீடி பாதிச் சீடி.

சட்டத்தைப் பற்றித் தயக்கம் இருக்கலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இலாப நோக்கில்லாத நூலகங்கள் தங்களிடம் உள்ளதைப் பேணிக் காக்கவும் அழிந்ததை ஈடுசெய்யவும் பிரதி எடுக்க இடம் கொடுக்கிறது. நான் இவற்றை இணையத்தில் ஏற்றச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை. அச்சுப் பிரதி உங்களிடமே இருக்கட்டும். அது உங்கள் சொத்து, அதை என் அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. உண்மையில் என் 340 இதழ்களும் ஒரு நாள் ஒரு பொது நூலகத்துக்குத்தான் போக வேண்டும். தனி மனிதன் செத்தால் அவன் சேர்த்தது அடுத்த மாதம் சாக்குக்குள் போகும். அதைப் பலமுறை கண்ணால் பார்த்துவிட்டேன்.

எனவே இந்த டிசெம்பரில் பட்டியல் எழுத முன், வெளிநாட்டுப் பெட்டிகளின் அடியை ஒருமுறை பாருங்கள். கேம் சஞ்சிகையோ கொம்பியூட்டர் சஞ்சிகையோ இருந்தால், பெயரையும் மாதத்தையும் வருடத்தையும் தனித்தனி வரியாகப் பதிவேட்டில் எழுதுங்கள், ‘பல்வேறு’ என்று எழுதாதீர்கள். யார் கொடுத்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஓரத்தில் தமிழ் எழுத்து இருந்தால் பக்க எண்ணைக் குறியுங்கள். இறாக்கை இல்லையென்றால் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும், அதை நான் வாங்கித் தருகிறேன். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி, முழங்காவில் என்று எந்த ஊராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு, ஸ்கானரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். உங்கள் மேசையிலேயே வைத்து எடுத்து, ஒரு பிரதியை உங்கள் கொம்பியூட்டரிலும் ஒரு பிரதியை வன்தட்டிலும் போட்டுத் தருவேன். காசு வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் எடுப்பதால் ஓர் இதழுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் ஆகும், அந்த நேரத்துக்கு ஒரு பிளக் பொயிண்டும் ஒரு கதிரையும் தந்தால் போதும்.

அந்த நீலப் பேனைப் பிள்ளைக்கு இப்போது 35 வயது அளவில் இருக்கும். இந்த மடலை அவர் வாசிக்கக் கிடைத்தால், 47ஆம் பக்கம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கடைக்கு வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்காரன்